மூழ்கிய கப்பலில் கிடைத்த பழைய சீட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூழ்கிய கப்பலிலிருந்து நாணயம் எடுத்தார்கள், பீங்கான் எடுத்தார்கள் என்றால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. சீட்டுக்கட்டு எடுத்தார்கள் என்றால் மட்டும் "காகிதம் எப்படி மிஞ்சியது?" என்ற கேள்வி உடனே வருகிறது. அதில் ஆரம்பித்து, கண்டெடுத்த சீட்டை என்ன செய்வது, காலம் எப்படிக் கணிப்பது, யாருக்குச் சொந்தம் என்பதுவரை வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

காகிதம் தண்ணீரில் கரைந்துவிடாதா?

கரையாது. ஊறும், இழை தளரும், அவ்வளவுதான். காகிதத்தைத் தீர்த்துக்கட்டுவது தண்ணீரைவிட அதில் வாழும் நுண்ணுயிர்கள். காகிதத்தின் இழை செல்லுலோஸ். பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் அது சாப்பாடு. அதை வேகமாகத் தின்னும் உயிர்களுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். கப்பல் மூழ்கிய கொஞ்ச காலத்திலேயே நுண்ணிய வண்டல் வந்து மூடி, ஆக்ஸிஜன் தீர்ந்துபோன சேற்றுக்குள் சீட்டு அகப்பட்டுக்கொண்டால், தின்பதற்கு ஆள் குறைவு. குளிரும் இருட்டும் சேர்ந்தால் எல்லாமே இன்னும் மந்தம்.

ஆனால் சேறு மட்டும் போதாது. பக்கத்தில் என்ன கிடந்தது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். பதனிட்ட தோல் பைக்குள் இருந்த காகிதத்தைத் தோலில் இருக்கும் டானின் (பதனிடும்போது தோலில் ஏறும் துவர்ப்புப் பொருள்) காப்பாற்றும். நுண்ணுயிர்களுக்கு அது ஆகாது. செம்பு, பித்தளைச் சாமான்களுக்கு அடியில் கிடந்தாலும் நல்லது, ஏனென்றால் செம்பு கரைந்து பரவும் இடத்தில் நுண்ணுயிர்கள் பிழைப்பது கஷ்டம். இரும்பு இருமுனைக் கத்தி. துருவும் மணலும் சேர்ந்து கெட்டியான ஓடாகி உள்ளே இருப்பதைப் பூட்டிவைக்கும். அதே துரு காகிதத்துக்குள் இறங்கினால் இழையை மெல்ல மெல்லச் சிதைக்கும்.

காகிதத்தின் ஜாதகமும் முக்கியம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐரோப்பாவில் காகிதம் பெரும்பாலும் லினன், சணல் கந்தலிலிருந்து செய்யப்பட்டது. இழை நீளம், அமிலம் குறைவு. அதற்குப் பிறகு வந்த மரக்கூழ்க் காகிதம் அந்த அளவுக்குத் தாங்காது. 1700களின் சீட்டு ஒன்று 1900களின் சீட்டைவிட நல்ல நிலையில் கிடைத்தால் வியக்க வேண்டாம்.

உண்மையிலேயே எந்தக் கப்பல்களில் காகிதம் கிடைத்திருக்கிறது?

எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் டைட்டானிக். 1912 ஏப்ரல் 15 அன்று மூழ்கி, சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. 1985இல் இருக்குமிடம் தெரிந்தது. 1987 முதல் பொருட்களை எடுத்தார்கள். எடுத்தவற்றில் கடிதம், இசைக் குறிப்புத் தாள்களோடு விளையாட்டுச் சீட்டுகளும் உண்டு. அங்கே காகிதம் தப்பியது பெரும்பாலும் தோல் பைகளுக்குள்ளும் பெட்டிகளுக்குள்ளும்தான்.

எனக்குப் பிடித்த உதாரணம் எஸ்.எஸ். கெய்ர்சாப்பா. 1940 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து தேயிலை, இரும்பு, வெள்ளிக் கட்டிகளோடு கிளம்பிய கப்பல். 1941 பிப்ரவரியில் அயர்லாந்துக்குத் தென்மேற்கே ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று அதை வீழ்த்தியது. வெள்ளியை எடுக்கப் போனவர்களுக்கு 700க்கும் மேற்பட்ட கடிதங்களும் கிடைத்தன. கிட்டத்தட்ட 4,700 மீட்டர் ஆழத்தில், 70 ஆண்டுக்குப் பிறகும், கையெழுத்து வாசிக்கும்படி இருந்தது. கட்டுக்கட்டாக, நெருக்கி அடுக்கப்பட்டு, சரக்கறைக்குள் இருட்டில் கிடந்ததுதான் காரணம். சீட்டுக்கட்டுக்கும் இதே கணக்குதான்: தனிச்சீட்டைவிட இறுக்கமான கட்டு பிழைக்கும், அதிலும் நடுவில் இருக்கும் சீட்டுகள் மேலும் கீழும் உள்ளவற்றைவிட நன்றாக இருக்கும்.

கருந்தாடி என்ற கடற்கொள்ளையனின் கப்பல் 'குயின் ஆன்ஸ் ரிவெஞ்ச்' 1718இல் வட கரோலினா கரையோரம் தரைதட்டியது. அதிலிருந்து எடுத்த ஒரு பீரங்கியின் வெடிமருந்து அறைக்குள் கந்தலோடு சேர்ந்து கசங்கிக் கிடந்த ஈரக் குப்பையில் 16 காகிதத் துணுக்குகள் இருந்தன. 1712இல் அச்சான ஒரு கடற்பயண நூலின் பக்கங்கள் என்று 2018இல் அறிவித்தார்கள். ஆர்க்டிக்கில் தொலைந்த ஃபிராங்க்ளின் குழுவின் 'எரெபஸ்' கப்பலிலிருந்து 2022இல் தோல் அட்டை போட்ட ஏடு ஒன்று, உள்ளே தாள்களோடும் இறகுப் பேனாவோடும் வந்தது.

எதிர் உதாரணமும் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தின் டெக்ஸல் தீவுக்குப் பக்கத்தில் மூழ்கிய 17ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றில் அழகான பட்டு கவுனே கிடைத்தது, புத்தகங்களின் தோல் அட்டைகளும் கிடைத்தன. உள்ளே இருந்த காகிதம் போய்விட்டது. காகிதம் மிஞ்சுவது இன்றும் விதிவிலக்குதான். கப்பல்களில் சூதாட்டத் தடயம் என்று அடிக்கடி கிடைப்பவை தாயக்கட்டையும் பலகையும். 1545இல் மூழ்கிய 'மேரி ரோஸ்' கப்பலில் தச்சர் அறையில் ஆட்டப் பலகை ஒன்று அப்படியே இருந்தது.

நன்னீரில் மூழ்கினால் வித்தியாசம் உண்டா?

உண்டு. உப்பை வெளியேற்றும் தலைவலி இல்லை, மரத்தைத் துளைக்கும் கப்பல்புழுவும் இல்லை. குளிர்ந்த ஏரியின் ஆழம் காகிதத்துக்கு நல்ல இடம்.

பழைய சீட்டை எப்படிச் செய்தார்கள்? அது இங்கே ஏன் முக்கியம்?

சீட்டு என்பது ஒற்றைத் தாள் கிடையாது. இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு தாள்களை மாவுப்பசை தடவி ஒட்டி, அழுத்தி, காயவைத்துச் செய்தது. பிரெஞ்சுச் சீட்டுத் தொழிலில் முகப்புக்கு ஒரு தாள், பின்பக்கத்துக்கு வெள்ளையான இன்னொரு தாள், நடுவில் மட்டமான பழுப்புத் தாள். அந்தப் பழுப்பு சிக்கனத்துக்காக மட்டும் வைத்தது இல்லை. விளக்கு வெளிச்சத்தில் எதிராளியின் சீட்டு மறுபக்கம் தெரியக்கூடாதே! கடைசியில் சோப்பு தேய்த்து, வழவழப்பான கல்லால் மெருகேற்றினார்கள்; சீட்டு கையில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் அல்லவா.

கடலில் முதலில் போவது அந்த மாவுப்பசை. அதனால் மூழ்கிய சீட்டு பெரும்பாலும் அடுக்கு அடுக்காகப் பிரிந்துதான் கிடைக்கும். முகம் ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கம், நடுத்தாள் கூழாக. பார்க்கப் பரிதாபமாக இருக்கும். ஆனால் இதில் ஒரு லாபம்: ஒட்டியிருக்கும்போது கண்ணுக்குப் படாத வாட்டர்மார்க் இப்போது தெரியும். எந்த ஆலையின் காகிதம், ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதை அதுவே சொல்லிவிடும். நல்ல நிலையில் அருங்காட்சியகத்தில் இருக்கும் சீட்டைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் மனம் வராது. கடல் அந்த வேலையைச் செய்து கொடுத்துவிடுகிறது.

நிறம் மிஞ்சுமா?

கறுப்புக் கோடு மிஞ்ச வாய்ப்பு அதிகம். மரக்கட்டையில் அச்சடித்த மை ஆளி விதை எண்ணெயில் கரியைக் குழைத்ததாக இருந்தால் தண்ணீருக்கு அசையாது. சிவப்பும் நீலமும் ஸ்டென்சில் வைத்துத் தூரிகையால் பூசியவை, அவற்றைப் பிடித்து வைத்திருந்தது தண்ணீரில் கரையும் கோந்து. கோந்து கரைந்தால் நிறமும் கழன்றுவிடும். மரப்பட்டை, பூ, பழத்திலிருந்து எடுத்த சாயங்கள் தடம் தெரியாமல் போகலாம். சாதிலிங்கச் சிவப்பு கனிமம் என்பதால் ஆங்காங்கே இழைக்குள் துகளாக மாட்டிக்கொண்டிருக்கும். ஈயம், செம்பு கலந்த நிறங்கள் சேற்றில் இருக்கும் கந்தக வாயுவோடு சேர்ந்து கறுத்துவிடும். அதனால் மூழ்கிய சீட்டில் ஆர்ட்டின் கறுப்பாக இருந்தால் அதை இஸ்பேட் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், வடிவத்தைப் பாருங்கள்.

எனக்கே கிடைத்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

முடிந்தால் எடுக்காமல் இருப்பது. நிஜமாகத்தான் சொல்கிறேன். நூறு வருடம் சேற்றில் பத்திரமாக இருந்தது இன்னும் ஒரு மாதம் இருக்கும். இடத்தைக் குறித்துக்கொண்டு, படம் எடுத்து, உரிய அதிகாரிக்குச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே மேலே வந்துவிட்டது, வலையில் சிக்கியது, கரையில் ஒதுங்கியது என்றால் ஒரே விதி: காயவிடாதீர்கள். கிடைத்த தண்ணீரிலேயே, மூடியுள்ள டப்பாவில், வெளிச்சம் படாமல், ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். சேற்றைக் கழுவ வேண்டாம், அது இப்போது சீட்டைத் தாங்கி நிற்கும் மெத்தை. விரலால் தூக்காமல் அடியில் தட்டையான பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் செருகித் தகட்டோடு தூக்குங்கள். தோல், துணி, உலோகம் எது ஒட்டிக்கொண்டு வந்தாலும் அப்படியே இருக்கட்டும். காற்றுக்கு வந்த ஈரக் காகிதத்தில் 2, 3 நாளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும். அதற்குள் காகிதப் பாதுகாப்பு தெரிந்த ஒருவரின் கைக்கு அது போய்ச் சேர வேண்டும்.

வெயிலில் காயவைத்தால் என்ன ஆகும்?

இழைகளுக்கு நடுவே இருக்கும் நீர் ஆவியாகும்போது அவற்றை இழுத்து நெருக்கும். தளர்ந்துபோன காகிதம் சுருங்கி, முறுகி, கட்டாக இருந்தால் ஒரே கட்டியாக இறுகிவிடும். உள்ளே மிச்சமிருக்கும் உப்பு படிகமாகி இழையைக் கிழிக்கும். அப்புறம் அதைத் திரும்ப நனைத்தாலும் பழைய நிலைக்கு வராது.

வீட்டு ஃப்ரீசரில் வைக்கலாமா?

வல்லுநர் சொன்னால் வைக்கலாம். உப்போடு மெதுவாக உறைந்தால் பெரிய பனிப்படிகங்கள் வளர்ந்து இழையைக் குத்தும். ஆய்வகங்களில் முடிந்தவரை வேகமாக உறைய வைப்பது இதற்குத்தான்.

ஆய்வகத்தில் என்னதான் செய்வார்கள்?

முதல் வேலை உப்பை எடுப்பது, அதில் அவசரம் கூடாது. கடல்நீரிலிருந்து நேராக நன்னீருக்குப் போனால் காகிதத்துக்கு அதிர்ச்சி. உப்புச் செறிவைப் படிப்படியாகக் குறைத்துக் கடைசியில் காய்ச்சி வடித்த நீருக்கு வருவார்கள். நீரின் மின்கடத்தும் திறனை அளந்துகொண்டே வருவார்கள். பழைய முறை இன்னும் நடைமுறையில் இருக்கிறது: ஊறிய நீரில் கொஞ்சம் எடுத்து ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விடுவது. வெண்மையாகக் கலங்கினால் குளோரைடு இன்னும் இருக்கிறது, மறுபடி தண்ணீர் மாற்று. தெளிவாக நின்றால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

அடுத்தது இரும்பும் கந்தகமும். ஆக்ஸிஜன் இல்லாத சேற்றில் உருவான இரும்பு சல்ஃபைடு, மேலே வந்து காற்றுப் பட்டதும் மெல்ல கந்தக அமிலமாக மாறும். ஸ்வீடனில் 1961இல் தூக்கிய 'வாசா' என்ற பெரிய மரக்கப்பலையே இன்றுவரை பாடாய்ப் படுத்தும் பிரச்சினை இது. மெல்லிய காகிதத்தில் இதைச் சும்மா விட்டால் சில ஆண்டுகளில் பொடிதான் மிஞ்சும். இரும்பைப் பிடித்து வெளியே இழுக்கும் வேதிக் கரைசல்களில் ஊறவைப்பது உண்டு. ஆனால் மிச்சமிருக்கும் நிறத்தையும் அது இழுத்துவிடக்கூடும் என்பதால் எவ்வளவு நேரம் என்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது.

பிறகு உலர்த்தல். உறைய வைத்து, வெற்றிட அறைக்குள் வைத்துக் காற்றழுத்தத்தை சுமார் 6 மில்லிபாருக்குக் கீழே கொண்டுபோனால் பனி உருகாமல் நேராக ஆவியாகும். நடுவில் திரவ நிலையே வராததால் இழையை இழுத்து நெருக்கும் விசையும் வராது. வெளியே வரும் காகிதம் எடையற்று, பஞ்சுபோல இருக்கும். கிழிசலுக்கு ஜப்பானிய மெல்லிழைத் தாளைக் கோதுமை மாவுப்பசையால் ஒட்டுவார்கள். சீட்டைச் செய்தவர் பயன்படுத்தியதும் மாவுப்பசைதான், பழுதுபார்ப்பவர் பயன்படுத்துவதும் அதுவே. வேண்டும்போது ஈரப்படுத்திக் கழற்றிவிடலாம் என்பதுதான் அதன் சிறப்பு.

ஒட்டிப்போன கட்டைப் பிரித்தே ஆக வேண்டுமா?

அவசியமில்லை. என் கட்சி, சந்தேகம் இருந்தால் பிரிக்காதே என்பதுதான். எத்தனை சீட்டு என்று ஓரத்தை நுண்ணோக்கியில் பார்த்தே எண்ணலாம். சாதிலிங்கத்தில் பாதரசம் இருப்பதால் எக்ஸ்ரேயில் சிவப்புப் பகுதிகள் தெரிய வாய்ப்புண்டு. கரி மை எக்ஸ்ரேக்குப் பிடிபடாது. பிரிக்கத்தான் வேண்டும் என்று முடிவானால், ஈரமாக இருக்கும்போதே, தண்ணீருக்குள்ளேயே, மெல்லிய பாலியெஸ்டர் தாளை இடையில் நுழைத்து ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள்.

சீட்டைப் பார்த்துக் காலத்தைச் சொல்ல முடியுமா?

பல பொருட்களைவிட நன்றாகவே சொல்லலாம், காரணம் அரசாங்கங்களின் வரி ஆசை. இங்கிலாந்தில் 1711 முதல் சீட்டுக்கு வரி கூட்டினார்கள். 1765 முதல் இஸ்பேட் ஏஸை முத்திரை அலுவலகமே அச்சடித்துக் கொடுத்தது. சீட்டு செய்பவர் அந்த ஒரு சீட்டை அரசிடம் காசு கொடுத்து வாங்கித்தான் கட்டை முழுமையாக்க வேண்டும். ஆட்சிக்கும் வரி விகிதத்துக்கும் தக்கபடி அதன் வடிவமைப்பு மாறியது. 1828இல் வந்த ஏஸில் அலங்கார வேலைப்பாடு அவ்வளவு சிக்கலானது. 1862இல் வரியைக் குறைத்தபோது அதுவும் போனது. அந்த ஏஸைக் கள்ளத்தனமாக அச்சடித்த ரிச்சர்ட் ஹார்டிங் என்பவரை 1805இல் தூக்கில் போட்டார்கள். ஆக, ஆங்கிலக் கட்டில் மற்ற 51 சீட்டும் போய் இஸ்பேட் ஏஸ் மட்டும் மிஞ்சியிருந்தால் அது பெரிய அதிர்ஷ்டம்.

மற்ற அடையாளங்கள்: ராஜா, ராணி, ஜாக்கி முழு உருவமாக நின்றால் பழசு, மேலும் கீழும் தலை வைத்த படம் இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வாக்கில்தான் பரவலானது. மூலையில் எண்ணும் எழுத்தும் இருந்தால் பெரும்பாலும் 1870களுக்குப் பிறகு. ஜோக்கர் அமெரிக்காவில் 1860களில் வந்தவர். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் அநேகமாக 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதிக்கு முந்தையது. ஸ்பானியச் சீட்டில் கோப்பை, நாணயம், வாள், தடி. சீட்டைச் சுற்றியுள்ள சட்டக் கோட்டில் விட்ட இடைவெளிகளின் எண்ணிக்கையை வைத்தே எந்த இனம் என்று சொல்லலாம், சீட்டின் நடுப்பகுதி அழிந்திருந்தாலும்.

ஒன்றை மறக்கக்கூடாது. சீட்டு அச்சான ஆண்டுக்குப் பிறகுதான் கப்பல் மூழ்கியது என்று மட்டும்தான் இது நிரூபிக்கும். எவ்வளவு பிறகு என்பதைப் பக்கத்தில் கிடக்கும் நாணயமும் புகையிலைக் குழாயும் சொல்ல வேண்டும்.

52 இல்லையே, குறைகிறதே?

குறைகிறது என்று யார் சொன்னது? ஸ்பானியக் கட்டு 40 அல்லது 48. பிக்கே ஆட்டத்துக்கு 32. டாரோ கட்டுக்கு 78. எண்ணுவதற்கு முன் எந்த ஊர்க் கட்டு என்று பாருங்கள்.

மாலுமி ஆடிய சீட்டா, பயணியுடையதா, சரக்கா?

கிடந்த இடம்தான் சாட்சி. மாலுமிகள் தங்கும் பகுதியில், ஓரம் தேய்ந்து, அழுக்கேறி, வேறு வேறு கட்டின் சீட்டுகள் கலந்து கிடந்தால் விளையாடியது. சரக்கறையில் ஒரே அச்சில் பல கட்டுகள் இருந்தால் வியாபாரம். சீட்டு பெரிய ஏற்றுமதிச் சரக்காகவே இருந்தது. ஸ்பெயின் அரசு தன் அமெரிக்கக் குடியேற்றங்களில் சீட்டு விற்பனையைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. அங்கே அனுப்புவதற்கென்றே 1776இல் மலாகா பக்கத்தில் மக்கராவியாயா என்ற சின்ன ஊரில் அரச தொழிற்சாலை வந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியக் கப்பல்களோடு போன சீட்டுதான் ஜப்பானில் 'கருத்தா' என்ற சீட்டாட்டமாக வேர்பிடித்தது.

ஒரே ஒரு சீட்டு மட்டும் கிடைத்தால்?

முதலில் திருப்பிப் பாருங்கள். வெறுமையான முதுகு அந்தக் காலத்தில் கைக்கெட்டிய நல்ல கெட்டித்தாள். கணக்கு, அழைப்பு, கடன் சீட்டு எல்லாம் அதில் எழுதினார்கள். 1685இல் கனடாவின் பிரெஞ்சுக் குடியேற்றத்தில் நாணயத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஜாக் தெ மூல் என்ற நிர்வாகி சீட்டுகளில் கையெழுத்துப் போட்டுப் படைவீரர்களுக்குச் சம்பளமாகவே கொடுத்தார். 1791இல் பிரான்சில் பறிமுதலான நூலகங்களுக்குப் பட்டியல் போட்டதும் சீட்டின் முதுகில்தான். தனிச்சீட்டு என்றால் கட்டு தொலைந்தது என்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை; அது ஆட்டத்துக்கே வராத சீட்டாக இருக்கலாம்.

"கப்பலில் எடுத்தது" என்று விற்கிறார்களே, நம்பலாமா?

பெரும்பாலும் வேண்டாம். தேநீரில் ஊறவைத்துப் பழுப்பேற்றிய சீட்டு நிறைய சுற்றுகிறது. அடுக்குகள் பிரியாமல், மூலை விறைப்பாக, சிவப்பு பளிச்சென்று இருந்தால் அது கடலைப் பார்த்ததே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். எந்தக் கப்பல், எந்த ஆண்டு எடுத்தது, யார் அனுமதி, எந்த ஆய்வகம் உப்பு நீக்கியது என்று கேளுங்கள். அழகாகச் சட்டம் போட்ட சான்றிதழ் இந்த நாலு கேள்விக்கும் பதில் ஆகாது. எடுக்கும்போதே பிடித்த படமும் இடக்குறிப்பும்தான் பதில்.

கண்டெடுத்தவருக்கே சொந்தமா?

அந்த நினைப்பில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. பிரிட்டனில் கப்பல் சிதைவிலிருந்து எது கிடைத்தாலும் 28 நாளுக்குள் அதற்கென்று இருக்கும் அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். 2001இல் யுனெஸ்கோ நிறைவேற்றி 2009இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், 100 ஆண்டுக்கு மேல் நீரடியில் இருக்கும் மரபுப் பொருட்களை வியாபாரத்துக்காக எடுப்பதை ஏற்பதில்லை. இருக்கும் இடத்திலேயே விடுவதுதான் அதன் முதல் விருப்பம். அரசின் போர்க்கப்பல் என்றால் பொதுவாக எத்தனை காலமானாலும் அந்த அரசின் உரிமை போகாது. 1804இல் மூழ்கிய ஸ்பானியக் கப்பல் 'மெர்சிதெஸ்'ஸிலிருந்து ஒரு அமெரிக்க நிறுவனம் 2007இல் கிட்டத்தட்ட 6 லட்சம் நாணயங்களை எடுத்தது. அமெரிக்க நீதிமன்றங்களே அதை 2012இல் ஸ்பெயினுக்குத் திருப்பிக் கொடுக்க வைத்தன.

அதை வைத்து ஒரு ஆட்டம் போடலாமா?

குலுக்கும்போதே கட்டு முடிந்துவிடும்.

கண்காட்சியில் ஏன் இவ்வளவு மங்கலான விளக்கு?

காகிதத்துக்கு வழக்கமாக 50 லக்ஸ் வெளிச்சம்தான் அனுமதிப்பார்கள். இருட்டில் காலம் கழித்துத் தப்பிய நிறத்தை வெளிச்சத்தில் இழப்பதில் அர்த்தமில்லை. சில இடங்களில் அசலைச் சில மாதம் வைத்துவிட்டுப் பிரதியை மாட்டுவதும் உண்டு. விவரப் பலகையைப் படித்துப் பாருங்கள்.

கடலில் கிடைத்ததை ஒப்பிட்டுப் பார்க்க நல்ல நிலையில் உள்ள பழைய சீட்டுகள் எங்கே இருக்கின்றன?

ஸ்பெயினின் விட்டோரியா நகரில் சீட்டுகளுக்கென்றே ஃபோர்னியர் அருங்காட்சியகம் இருக்கிறது, பாரிஸை ஒட்டிய இஸி-லே-மூலினோவில் இன்னொன்று. இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனையில் எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் காலத்தில் கையால் வரைந்த சித்திரச் சீட்டுகள் உண்டு. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 1475–80 வாக்கில் வரைந்த 52 சீட்டும் முழுசாக இருக்கும் ஒரு கட்டு இருக்கிறது. ஆனால் இவை பணக்காரர் வீட்டுச் சீட்டுகள். கப்பலில் புழங்கிய மலிவுச் சீட்டுக்கு இணை தேடுபவர்கள் பழைய புத்தக அட்டைகளைப் பார்ப்பது நல்லது. அச்சில் பிசகிய சீட்டுத் தாள்களைப் பைண்டிங் செய்பவர்கள் அட்டைக்குள் வைத்து ஒட்டிவிட்டார்கள். ஆரம்ப கால மலிவுச் சீட்டுகளில் நம் கைக்கு வந்தவற்றில் நிறைய அப்படித்தான் தப்பின.